ஒரே ரகம்தான்: கட்டிங் மே மாதமே பூத்துவிட்டது, விதைக்கன்று பூக்கவில்லை. செடியின் வயதா, வெளிச்சமா?

வடக்குவெயில் (ஸ்காபரோ), ஜூன் 9

வணக்கம். நான் வழக்கமாக மரக்கறித் தோட்டப் பகுதியில்தான் எழுதுவேன். இந்தக் கேள்வி கஞ்சாச் செடி பற்றியது என்பதால் தனி இழை. இங்கே வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் வீட்டிலும் நான்கே தொட்டிதான்.

இரண்டு விதையிலிருந்து வந்தவை. மற்ற இரண்டும் உரிமம் உள்ள ஒரு நர்சரியில் வேர்விட்ட கட்டிங்காக (தாய்ச்செடியின் கிளையை வெட்டி வேர்விட வைத்தது) வாங்கியவை. நான்குக்கும் ரகத்தின் பெயர் ஒன்றுதான். விதையை ஏப்ரல் நடுவில் போட்டேன். கட்டிங் வந்ததும் ஏறக்குறைய அதே வாரம்தான். எல்லாவற்றையும் ஒரே விளக்கின் கீழ் 18 மணி நேர வெளிச்சத்தில் வைத்திருந்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து வெளிக்காற்றுக்குப் பழக்கினேன். மே 24ஐ ஒட்டி வரும் விக்டோரியா டே விடுமுறையில் பெரிய தொட்டிக்கு மாற்றினேன்.

மே நடுவிலேயே கட்டிங் இரண்டும் நுனியில் வெள்ளை இழைகளைக் கொத்தாகத் தள்ளிவிட்டன. அப்போது ஒரு முழ உயரம்கூட இல்லை. விதைக்கன்றுகள் பூவே காட்டாமல் தளதளவென்று ஏறுகின்றன. இப்போது ஜூனில் கட்டிங்குகளில் வேறு கோலம்: பூக்கொத்தின் நடுவிலிருந்து ஒற்றை மடல் இலைகள், விளிம்பில் பல்லே இல்லாமல், முறுக்கிக்கொண்டு வருகின்றன.

இங்குள்ள நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு காரணம். நர்சரி ஆட்டோஃபிளவர் ரகத்தை (இரவின் நீளத்தைப் பார்க்காமல் வயதை வைத்தே தானாகப் பூப்பது) தந்துவிட்டது என்கிறார் ஒருவர். தாய்ச்செடி கிழடாகியிருக்கும், அதன் கிளையும் கிழட்டுக் கிளைதான் என்கிறார் இன்னொருவர். கட்டிங் எடுத்தால் செடியின் வயது முதலிலிருந்து தொடங்குமா, தாயின் வயதே தொடருமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

நடத்துநர், ஜூன் 9

இழை திறந்திருக்கும். ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு நான்கு செடி. கியூபெக்கில் அதுவும் கிடையாது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று செடி. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அனுமதியின்றி ஒரு செடி வளர்த்தாலும் பத்தாண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். இலங்கையிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதைத் தாவரவியலாகப் படியுங்கள். விற்பனை, விதை அனுப்புவது பற்றிய பேச்சு வந்தால் நீக்கிவிடுவேன்.

கண்ணாடிக்கூடம் (லெமிங்டன்), ஜூன் 9

அண்ணை, பதில் சொல்லும் முன் ஒரு கேள்வி. வெளிக்காற்றுக்குப் பழக்கிய நாட்களில் இரவில் செடிகளை எங்கே வைத்தீர்கள்? எத்தனை மணிக்கு உள்ளே எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வைத்தீர்கள்?

வடக்குவெயில், ஜூன் 9

கராஜுக்குள் வைத்தேன் தம்பி. இரவில் குளிர் 5 டிகிரிக்குக் கீழே போனது. வேலை முடிந்து வந்ததும் ஏழு மணிபோல உள்ளே எடுப்பேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டு மணிக்கு வெளியே. கராஜில் ஜன்னல் இல்லை.

கண்ணாடிக்கூடம், ஜூன் 9

அப்படியென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. டொராண்டோவில் ஏப்ரல் கடைசியில் பகல் 14 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். மே 24 வாக்கில் 15 மணி நேரம். உங்கள் செடிகள் அந்தப் பகலைப் பார்க்கவே இல்லை. காலை எட்டு முதல் மாலை ஏழு வரை 11 மணி நேரம்தான் அவற்றுக்கு வெளிச்சம். 13 மணி நேரம் கும்மிருட்டு. 18 மணி நேர விளக்கிலிருந்து நேராக இதற்கு வந்திருக்கின்றன. கஞ்சா நீண்ட இரவுக்குப் பூக்கும் செடி. நாங்கள் கண்ணாடிக்கூடத்தில் பூக்க வைப்பதற்குக் கறுப்புத் திரை இழுப்பது 12 மணி நேரத்துக்கு. நீங்கள் அதைவிட நீளமான இரவு கொடுத்திருக்கிறீர்கள்.

காரணம் ஆட்டோஃபிளவர் இல்லை. ஒற்றை மடல் இலை அதற்குச் சாட்சி. பூப்பதை விட்டுவிட்டுச் செடி மறுபடி வளர்ச்சிக்குத் திரும்பும்போதுதான் அப்படி இலை வரும். ஆட்டோஃபிளவர் திரும்பாது.

விதைக்கன்று அதே கராஜில் இருந்தும் ஏன் பூக்கவில்லை என்பது மீதிப் பாதி. அதை இலைக்கணு நன்றாகச் சொல்வார்.

இலைக்கணு (ஆன்டாரியோ), ஜூன் 10

கூப்பிட்டதற்கு நன்றி. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"செடியின் வயது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் வெவ்வேறு வயதுகள் இருக்கின்றன. முளைத்து எத்தனை நாள் என்பது காலண்டர் வயது. அந்தத் திசு குழந்தைப் பருவத்தைக் கடந்துவிட்டதா என்பது பருவ வயது. நோய், வேர் நெருக்கம், சத்துக் குறைவு இவற்றால் செடி தளர்ந்திருப்பது மூன்றாவது. உங்கள் நண்பர் "கிழடு" என்று சொல்வது இந்த மூன்றாவது. உங்கள் தொட்டியில் நடந்தது இரண்டாவது.

விதையிலிருந்து வரும் கஞ்சாச் செடிக்குக் குழந்தைப் பருவம் உண்டு. அந்த நாட்களில் இரவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் செடி அதற்குப் பதில் தராது. ஹெம்ப் (நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் கஞ்சா வகை) பயிரில் இதை அளந்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் கொம்போல்ட்டி, ஃபியூச்சுரா 77 என்ற இரண்டு ரகங்களை வைத்துச் செய்த ஆய்வில் இந்தப் பருவம் சுமார் 380 முதல் 390 பாகை-நாள் வந்தது. பாகை-நாள் என்பது அன்றைய சராசரி வெப்பத்திலிருந்து செடி வளரத் தேவையான குறைந்தபட்ச வெப்பத்தைக் கழித்து, நாள்தோறும் கூட்டிக்கொண்டு போவது. ஹெம்புக்கு அந்தக் குறைந்தபட்சம் ஓரிரு டிகிரிதான். 20 டிகிரி அறையில் ஒரு நாளுக்கு 18, 19 சேரும். மூன்று வாரத்தில் பருவம் முடியும். உங்கள் கராஜ் குளிரில் அதைவிடத் தாமதமாகியிருக்கும். ஏப்ரல் நடுவில் போட்ட விதை பருவத்துக்கு வரும்போது மே நடு தாண்டியிருக்கும். அதன் பிறகு கொஞ்ச நாளில் நீங்கள் கராஜுக்கு எடுப்பதை நிறுத்திவிட்டீர்கள், பகலும் 15 மணி நேரமாகிவிட்டது. விதைக்கன்று தப்பியது அப்படித்தான்.

கட்டிங்குக்கு இந்தக் குழந்தைப் பருவம் கிடையாது. அது எந்தக் கிளையிலிருந்து வந்ததோ அந்தக் கிளையின் பருவத்தோடு வருகிறது. வேர் புதிது, நுனி பழையது. வேர்விட்ட அன்றே நீண்ட இரவைப் பார்த்தால் அது பூக்கத் தயார்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விதைக்கன்றின் கீழ்க் கணுக்களைப் பாருங்கள்: இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். முதல் ஜோடிக்கு ஒரே மடல், அடுத்ததற்கு மூன்று, பிறகு ஐந்து, ஏழு. மேலே போகப் போக ஜோடி பிரிந்து, இலைகள் மாறி மாறி வரத் தொடங்கும். பருவத்துக்கு வந்ததன் அடையாளம் அதுதான். முதிர்ந்த தாயிலிருந்து எடுத்த கட்டிங்கின் புது வளர்ச்சியில் பெரும்பாலும் முதலிலிருந்தே மாறி மாறித்தான் இலை வரும். உங்கள் நான்கு தொட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பருவத்துக்கு வந்த பெண் செடியில் 18 மணி நேர வெளிச்சத்திலும் இலைக் கக்கத்தில் தனித்தனியாக ஒரு பூ, இரண்டு வெள்ளை இழையோடு நிற்கும். 2019இல் இஸ்ரேலில் வெளிவந்த ஆய்வு இதை வைத்து ஒரு முக்கியமான விஷயம் சொன்னது: தனிப்பூ உண்டாக நீண்ட இரவு தேவையில்லை, அது வயதோடு தானாக வருவது. நீண்ட இரவு செய்வது வேறு. கணு இடைவெளியைச் சுருக்கி, கிளைக்குள் கிளை விட வைத்து, பூக்களைக் கொத்தாக்குகிறது. ஆக "பூத்துவிட்டது" என்று நாம் சொல்வதற்குள் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. முதலாவது வயதின் வேலை, இரண்டாவது இரவின் வேலை.

பெரியகுளம்_ஒட்டு, ஜூன் 10

தோட்டக்கலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கஞ்சாச் செடியை நான் வளர்த்ததில்லை. ஆனால் இலைக்கணு சொல்வதை மாமரத்தில் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

மாங்கொட்டை போட்டு வளர்த்தால் பூப்பதற்கு ஆறு, எட்டு வருடம் ஆகும். அதே கொட்டையில் முளைத்து இரண்டு வாரமான கன்றின் தலையை வெட்டி, காய்க்கிற மரத்தின் குச்சியை ஒட்டுங்கள். பாலிதீன் பையிலேயே பூங்கொத்து விடும். முதல் இரண்டு மூன்று வருடம் அந்தப் பூவைக் கிள்ளி எறியச் சொல்வோம், இல்லாவிட்டால் செடி தேறாது. வேர்க்கன்று பச்சைக் குழந்தை. ஆனாலும் மேலே இருக்கும் குச்சியை அது குழந்தையாக்கிவிடவில்லை. பருவம் நுனியில் இருக்கிறது, வேரில் இல்லை.

மூங்கில் இன்னும் அழுத்தமான சாட்சி. மிசோரத்தில் மவ்டாம் என்று சொல்லும் மூங்கில் பூப்பு 1959இல் வந்தது, அடுத்தது 2007ஐ ஒட்டி. ஏறக்குறைய 48 வருடக் கணக்கு. அந்தப் புதரிலிருந்து கிழங்கைப் பிரித்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் நட்டிருந்தாலும், நட்டு எத்தனை வருடம் என்ற கணக்கு அதற்கு இல்லை. தாய்ப்புதர் பூக்கும்போது அதுவும் பூக்கும்.

கஞ்சாவுக்கு நெருங்கிய சொந்தம் என்று நான் நினைப்பது செவ்வந்திதான். குடும்பம் வேறு, நடத்தை ஒன்று: இரண்டும் நீண்ட இரவுக்குப் பூப்பவை, இரண்டையும் கட்டிங்கில் பெருக்குகிறோம். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் செவ்வந்திக்கு இரவில் விளக்குப் போடுவது பூவைத் தள்ளிப்போடத்தான். செவ்வந்தியில் தாய்ச்செடியை வைத்துக்கொண்டே இருக்க முடியாது. சில மாதத்தில் மாற்றிவிடுவார்கள். காரணம், விளக்குப் போட்டுக்கொண்டே இருந்தாலும் ஒரு தண்டில் குறிப்பிட்ட எண்ணிக்கை இலை வந்துவிட்டால் அது தானாகவே மொட்டு வைக்கும். அப்படி முதிர்ந்த தண்டில் எடுத்த கட்டிங், நட்டதும் வளராமல் குட்டையாக நின்று மொட்டு வைத்துவிடும். வியாபாரத்துக்கு உதவாது.

கஞ்சாத் தாய்ச்செடியை வருடக்கணக்கில் வைத்திருக்க முடிகிறது என்று படித்திருக்கிறேன். அது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

நான்குதொட்டி (கால்கரி), ஜூன் 11

ஐயாவின் மாமரக் கதை அருமை. ஆனால் இந்த இழை ஒரு பக்கமாகப் போகிறதோ என்று படுகிறது. தாயின் காலண்டர் வயதுக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே தாயை வருடக்கணக்கில் வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் விதையிலிருந்து வந்த அந்தச் செடியை 12 மணி நேர வெளிச்சத்துக்கு மாற்றியபோது அறுவடைக்குப் பத்து வாரம் பிடித்தது. இப்போது அதன் கட்டிங் ஒன்பது வாரத்துக்குள் முடிகிறது. மரபணு அதேதான், விளக்கு அதேதான். தாய் வயதாக ஆகக் கட்டிங் சீக்கிரம் பழுக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு விஷயம். டோலி ஆட்டுக்குட்டி 1996இல் பிறந்தது, 2003இல் நோயில் இறந்தது. குளோனுக்குத் தாயின் வயதும் சேர்ந்து வந்துவிடுகிறது என்று அப்போது எல்லோரும் பேசினார்களே.

இலைக்கணு, ஜூன் 11

உங்கள் கவனிப்பு சரியானது, அதை நான் மறுக்கவில்லை. விளக்கத்தில்தான் எனக்கு வேறு கருத்து.

பத்து வாரம், ஒன்பது வாரம் என்று எங்கிருந்து எண்ணுகிறீர்கள்? விளக்கை 12 மணி நேரத்துக்கு மாற்றிய நாளிலிருந்து. அந்தக் கணக்கில் இரண்டு துண்டு இருக்கிறது. விளக்கை மாற்றியதிலிருந்து முதல் வெள்ளை இழைக்கொத்து தெரியும் வரை ஒரு துண்டு. அங்கிருந்து பூ முதிரும் வரை இன்னொன்று. முதிர்ந்த கட்டிங்கில் முதல் துண்டு ஒரு வாரம், பத்து நாள். சின்ன விதைக்கன்றில் அதுவே இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகலாம், ஏனென்றால் குழந்தைப் பருவத்தில் மீதி இருந்ததையும் அது முடிக்க வேண்டும். உங்களுக்கு மிச்சமான வாரம் அந்த முதல் துண்டில் மிச்சமானது. அடுத்த முறை முதல் இழைக்கொத்து தெரிந்த நாளைக் குறித்துவையுங்கள். அங்கிருந்து அறுவடை வரை விதைச்செடிக்கும் கட்டிங்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த இரண்டாவது துண்டு ரகத்தின் குணம்: குட்டையான, அகன்ற இலை ரகங்கள் எட்டு, ஒன்பது வாரம், நிலநடுக்கோட்டுப் பக்கத்து மெல்லிய இலை ரகங்கள் பன்னிரண்டு வாரத்தையும் தாண்டும். தாய்க்கு எத்தனை வயதானாலும் இவை இடம் மாறாது.

பருவ வயது ஏறிக்கொண்டே போகும் படிக்கட்டு இல்லை, ஒரு வாசல். தாண்டியாயிற்று என்றால் தாண்டியதுதான். ஆறு மாதத் தாயும் ஆறு வருடத் தாயும் அந்த வாசலுக்கு ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

உள்ளே நடப்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்ரோ ஆர்என்ஏ 156 என்ற சிறு மூலக்கூறு பல செடிகளில் குழந்தைப் பருவத்தைக் காவல் காக்கிறது. இளங்கன்றில் அது நிறைய இருக்கும், வளர வளரக் குறையும். விதை உருவாகும்போது மறுபடி நிரம்புகிறது. குச்சியை வெட்டி வேர்விட வைப்பதால் அது முழுதாக நிரம்புவதில்லை. அதனால்தான் விதை ஒவ்வொன்றும் புதிதாகத் தொடங்குகிறது, கட்டிங் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

டோலி பற்றி: அதில் பேசப்பட்டது குரோமோசோம் முனைகள் குட்டையாவது. செடியின் நுனிமொட்டில் அந்த முனைகளைப் பழுதுபார்க்கும் நொதி வேலை செய்துகொண்டே இருக்கிறது. டோலி வந்த அதே செல்களிலிருந்து குளோன் செய்த மற்ற ஆடுகள் பிறகு நன்றாக வயதேறி வாழ்ந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆட்டை வைத்துச் செடியைக் கணிக்க வேண்டாம்.

கண்ணாடிக்கூடம், ஜூன் 12

பெரியகுளம் ஐயாவின் கேள்விக்கு வேலை இடத்தில் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

18 மணி நேர வெளிச்சத்தில் கஞ்சாத் தாய்ச்செடி இலைக் கக்கத்தில் தனிப்பூ வைக்கும், அதோடு நிற்கும். செவ்வந்தியைப் போல நுனியைப் பூவாக்கி முடித்துக்கொள்ளாது. நுனி வளர்ந்துகொண்டே இருப்பதால் வருடக்கணக்கில் கட்டிங் எடுக்க முடிகிறது. இருந்தும் பெரிய கூடங்களில் தாய்ச்செடியைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். காரணம் பூக்கும் காலம் இல்லை. தண்டு மரமாகிவிடும், கட்டிங் வேர்விட அதிக நாள் எடுக்கும், பூச்சி தங்க இடம் கிடைக்கும், நோய் சேரும்.

நோய் என்றால் முதலில் ஹாப் லேட்டன்ட் வைராய்டு. 2019இல் கலிஃபோர்னியாவில் கஞ்சாச் செடியில் கண்டறிந்தார்கள். வெறும் 256 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ வளையம், அதைச் சுற்றி உறைகூடக் கிடையாது. தாய்ச்செடி பார்க்க நன்றாகவே இருக்கும். கட்டிங் எடுத்துப் பூக்க விட்டபின்தான் தெரியும்: கிளை எளிதில் ஒடியும், கணு நெருங்கிக் கிடக்கும், பூக்கொத்து சிறுத்து, பிசின் குறைந்து, எவ்வளவு நாள் காத்திருந்தாலும் தேறாது. "பழைய தாய், களைத்துப்போய்விட்டது, மரபணு தேய்ந்துவிட்டது" என்று பல வருடமாகப் பலர் சொல்லிவந்ததில் எத்தனையோ இந்த வைராய்டு வேலைதான் என்பது என் கருத்து. வயதின் மேல் பழி விழுந்தது. கத்தரி வழியாகத்தான் இது அதிகம் பரவுகிறது. ஒவ்வொரு தாய்க்கும் நடுவே கத்தரியை வீட்டு ப்ளீச் பத்தில் ஒரு பங்கு கலந்த தண்ணீரில் முக்குங்கள். ஸ்பிரிட் துடைத்தால் போதாது.

வயதால் மரபணுவும் கொஞ்சம் மாறும், அதை மறைக்கக் கூடாது. 2022இல் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் ஒரே செடியின் அடி, நடு, நுனி மூன்றிலும் திசு எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். நுனியில் மாற்றங்கள் அதிகம், அடியில் குறைவு. ஒவ்வொரு செல் பிரிவிலும் எழுத்துப் பிழை சேர்ந்துகொண்டே போகிறது. அதனால் நாங்கள் கட்டிங்கிலிருந்து கட்டிங், அதிலிருந்து கட்டிங் என்று நீளமாகப் போவதைத் தவிர்க்கிறோம். நல்ல செடியைத் திசு வளர்ப்பில் எடுத்து வைத்து, அதிலிருந்து புதுத் தாய் உண்டாக்குவதுதான் இப்போதைய வழி.

பெரியகுளம்_ஒட்டு, ஜூன் 12

நன்றி தம்பி. அடிப்பகுதியில் மாற்றம் குறைவு என்பது எனக்குப் புதுச் செய்தி. விதையில் வந்த மரத்தில் அடிக்கிளை பருவத்தில் இளையது, நுனிக்கிளை முதிர்ந்தது. அடி மரத்துக்கு நாள் கணக்கில் வயது அதிகம், ஆனால் அது குழந்தையாக இருந்தபோது உண்டான பகுதி. ஆகவே கட்டிங் எந்த உயரத்தில் எடுத்தது என்பதும் முக்கியம். விதையில் வந்த இளம் கஞ்சாச் செடியிலும், ஜோடி இலை இருக்கும் கீழ்க் கணுவில் எடுத்தால் கொஞ்சம் தாமதமாகவும், மாறி மாறி இலை வரும் மேல் கணுவில் எடுத்தால் உடனேயும் பூக்கும் என்று எதிர்பார்ப்பேன்.

இலைக்கணு, ஜூன் 12

ஆமாம் ஐயா, இளம் விதைச்செடியில் அப்படித்தான் இருக்க வேண்டும். கட்டிங்கிலிருந்து வந்த தாயில் அடியும் முதிர்ந்ததே, அதனால் அந்த வித்தியாசம் கிடைக்காது. திசு வளர்ப்பில் வந்த கன்றுகள் இன்னும் சுவாரசியம். குடுவைக்குள் பலமுறை பிரித்து வளர்த்தபின் அவற்றின் இலைகள் மறுபடி குறைந்த மடலோடு, விதைக்கன்று போலவே வரும். வெளியே எடுத்து நட்டவுடன் 12 மணி நேர வெளிச்சத்துக்குத் தள்ளாமல் கொஞ்சம் வளரவிட்டு மாற்றுவது நல்லது.

பெர்லின்பால்கனி, ஜூன் 14

தாமதமாக வருகிறேன். எனக்கு மூன்று செடி, எல்லாம் ஆட்டோஃபிளவர். ஒன்று மிக நன்றாக வந்தது. அதில் கட்டிங் எடுத்து அதே குணத்தைக் காப்பாற்றலாமா?

இலைக்கணு, ஜூன் 14

எடுக்கலாம், பயன் இருக்காது. இந்த இழையில் பேசுவதற்கு ஆட்டோஃபிளவரைவிட நல்ல உதாரணம் இல்லை.

ருடராலிஸ் என்று 1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் ஜானிஷெவ்ஸ்கி பெயரிட்ட வகையிலிருந்து வந்த குணம் இது. அங்கே கோடை குறுகியது. இரவு நீளும் வரை காத்திருந்தால் விதை முதிரும் முன் பனி வந்துவிடும். எனவே இரவைக் கவனிப்பதையே விட்டுவிட்ட செடிகள் பிழைத்தன. முளைத்து மூன்று முதல் ஐந்து வாரத்தில், 18 மணி நேர வெளிச்சமானாலும் சரி, பூக்கும். இரவின் நீளத்தை அளக்கும் உள்கடிகாரத்தைச் சேர்ந்த ஒரு மரபணு பழுதானதுதான் இதற்கு ஒரு காரணம் என்று சமீபத்தில் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்தப் பழுது வந்தால்தான் குணம் வெளிப்படும்.

அதாவது இரவின் வேலையை எடுத்துவிட்டால் வயது மட்டும் மிஞ்சும். நீங்கள் எடுக்கும் கட்டிங் தாயின் வயதோடு வரும், வேர்விடும் முன்பே பூக்கத் தொடங்கும். தொட்டியில் ஒரு சாண் குச்சியில் நாலு பூ. அந்த ரகம் வேண்டுமென்றால் விதைதான் வழி.

நான்குதொட்டி, ஜூன் 15

முதல் இழை தெரிந்த தேதியைப் பழைய நோட்டில் தேடிப் பார்த்தேன். விதைச்செடிக்குக் குறித்திருக்கிறேன், கட்டிங்குக்குக் குறிக்கவில்லை. இந்த முறை இரண்டையும் குறிக்கிறேன். ஒரு கேள்வி: கட்டிங் தயாராகவே இருக்கிறது என்றால், 12 மணி நேரம் என்று இத்தனை கண்டிப்பு எதற்கு?

கண்ணாடிக்கூடம், ஜூன் 15

அது பழக்கத்தில் வந்த எண். எல்லா ரகத்துக்கும் பாதுகாப்பானது என்பதால் நிலைத்துவிட்டது. குவெல்ஃபில் 2023இல் பல ரகங்களை வைத்துப் பார்த்ததில் 13 மணி நேர வெளிச்சத்திலும் ஏறக்குறைய அதே வேளையில் பூத்தவை இருக்கின்றன. ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம் என்றால் கூடுதல் விளைச்சல். ஃப்ளோரிடாவில் 2021இல் ஹெம்ப் ரகங்களைச் சோதித்தபோது, எல்லைக்கு (பகல் இதைவிட நீண்டால் பூக்காது என்ற அளவு) அருகே 15 நிமிட வித்தியாசமே சில ரகங்களில் பூப்பைத் தள்ளிப்போட்டது. ரகத்துக்கு ரகம் மாறும், சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

மதராஸ்வெயில் (சென்னை), ஜூன் 16

வளர்க்கப் போவதில்லை, படிக்க மட்டும் வந்தேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. சென்னையில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. பல ரகங்களுக்கு எல்லை 14 மணி நேரத்தை ஒட்டி என்றால், அந்த ரகங்கள் இங்கே எந்த மாதம் விதைத்தாலும் உடனே பூத்துவிடுமா?

இலைக்கணு, ஜூன் 16

கிட்டத்தட்ட அப்படித்தான். வட ஐரோப்பிய ஹெம்ப் விதையை வெப்பமண்டலத்தில் விதைத்தால் குழந்தைப் பருவம் ஒன்றுதான் அதற்குத் தடை. அது முடிந்ததும் முழங்கால் உயரத்தில் பூத்துவிடும், நாருக்கு உதவாது. ஃப்ளோரிடா விவசாயிகளுக்கு வந்த தலைவலி இதுதான். வெப்பமண்டல ரகங்கள் இன்னும் நீண்ட இரவைக் கேட்பவை, பழுக்கவும் அதிக வாரம் எடுப்பவை. அங்கே தாக்குப்பிடிப்பவை அவைதான்.

இதை முதலில் கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஜூலியன் டூர்ன்வா. 1912 வாக்கில் பாரிஸில், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் விதைத்த ஹெம்ப் சில இலைகளோடு சின்னஞ்சிறு கன்றாக இருக்கும்போதே பூப்பதைக் கவனித்தார். காரணம் பகல் குறைவது என்பதைவிட இரவு நீள்வது என்றும் எழுதினார். 1914இல் போரில் இறந்துவிட்டார். மேரிலாந்துப் புகையிலையை வைத்து கார்னரும் ஆலார்டும் 1920இல் வெளியிட்டதைத்தான் பாடப்புத்தகங்கள் தொடக்கமாகச் சொல்கின்றன. ஹெம்ப் செடிக்கும் டூர்ன்வாவுக்கும் அந்த இடத்தில் ஒரு வரியாவது கொடுக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

வடக்குவெயில், ஆகஸ்ட் 21

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி இலையைப் பார்த்தேன். விதைக்கன்றில் கீழே ஜோடி, மேலே மாறி மாறி. கட்டிங்கில் ஜோடியே கிடையாது.

இப்போதைய நிலை: கட்டிங் இரண்டும் ஜூலையில் ஒழுங்கான இலைக்குத் திரும்பின. நிறையக் கிளை, புதர் போல அடர்த்தி, ஆனால் உயரத்தில் விதைச்செடியின் பாதிதான். ஆகஸ்ட் நடுவில் எல்லாமே பூக்கத் தொடங்கிவிட்டன. கட்டிங்குகள் சில நாள் முந்தின, அவ்வளவுதான். விதைச்செடியில் ஒன்று ஆண், பிடுங்கிவிட்டேன். அடுத்த வருடமும் கட்டிங் வாங்க விருப்பம், குறைந்தது அது ஆணாக வராது. கராஜை என்ன செய்வது?

கண்ணாடிக்கூடம், ஆகஸ்ட் 21

கராஜில் ஒரு சாதாரண எல்இடி பல்பும் டைமரும் போதும் அண்ணை. நீங்கள் செடியை உள்ளே எடுக்கும் ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை எரியட்டும். செடி வளர அந்த வெளிச்சம் போதாது, இரவை உடைக்கப் போதும். விக்டோரியா டே வரை அப்படியே செய்யுங்கள். அதற்குப் பிறகு வானமே பார்த்துக்கொள்ளும். அதைவிட எளிது, கட்டிங்கை மே நடுவுக்குப் பிறகு வாங்குவது.

இந்த வருடத்துக்கு ஒன்று. கட்டிங் இரண்டும் அடர்ந்து நிற்கின்றன என்கிறீர்கள். ஆகஸ்ட் நடுவில் பூத்தது முதிர அக்டோபர் நடு ஆகும். அப்போது பனி ஈரத்தில் கொத்துக்குள் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். உள்பக்கத்து மெல்லிய கிளைகளை இப்போதே கழித்துவிட்டுக் காற்றுப் போக வழி செய்யுங்கள். செப்டம்பர் தொடங்கிவிட்டால் வெட்ட வேண்டாம்.